திரை உறைந்திருந்த ஐம்பது நிமிடம்

பத்தாவது வரை படித்துவிட்டு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்து பேசியதில்லை. அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொல்லாமல் விட்டதால்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் ஒரு சிறு சங்கத்தில் வேலை பார்த்தேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ரத்தம் கொடுக்க விரும்புகிறவர்களின் பட்டியலை வைத்திருப்பதும், யாராவது ரத்தம் கேட்டு வந்தால் பொருத்தமான ஆளின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுப்பதும்தான் சங்கத்தின் வேலை. எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் செயலாளர். நான் உட்காருவது ஜன்னல் ஓரம். கேட்டு வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள்.

முதல் ஆறு வருடம் எல்லாம் அட்டைகளில் இருந்தன. நீளமான மர டிராயர்களில், எழுத்து வரிசையில். நெகடிவ் ரத்தம் உள்ளவர்களின் அட்டை மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருப்பேன். எல்லா அட்டைகளும் என் கையெழுத்து. அதனால் பல பெயர்கள் தேடாமலே நினைவில் இருந்தன. பிறகு ஒரு தொழிற்சாலை தன் பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றைச் சங்கத்துக்குக் கொடுத்தது. நானும் கூட வேலை பார்த்த பெண்கள் இருவரும் நாலு மாதம் உட்கார்ந்து அட்டைகளையெல்லாம் டைப் அடித்து ஏற்றினோம். டிராயர்கள் பரணுக்குப் போயின.

புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பா, பூந்தமல்லி கடைத்தெருவில் பம்ப் ஸ்டவ் ரிப்பேர் பார்ப்பவர். ஸ்டவ் சத்தத்துக்கு நடுவில் படித்து பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சும்மாதான் எழுதித் தந்தார். என்னை அவர் "ஊமைக் கோட்டான்" என்று கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது.

புரோகிராமில் இரண்டு வேலை. ஒன்று தேடுவது. ரத்த வகையும் ஊரும் அடித்தால் பெயர்கள் வரும். பக்கத்திலேயே கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியும் வரும். மூன்று மாதம் ஆகாதவர்களைக் கூப்பிடக் கூடாது என்பது செயலாளர் போட்ட கண்டிப்பான விதி. அட்டைக் காலத்தில் ஒருவரை இரண்டே மாதத்தில் மறுபடி கூப்பிட்டதில், அவர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். அப்போது எழுதிக் கொடுத்தது நான்தான். அதிலிருந்து தேதி பார்க்காமல் யார் பெயரையும் கொடுத்ததில்லை.

இன்னொரு வேலை சேர்ப்பது. ஆவடி குவார்ட்டர்ஸ், பூந்தமல்லி, எஸ்டேட் கம்பெனிகள் என்று பல இடத்திலிருந்து ஃப்ளாப்பியில் பட்டியல் வரும். ஒரே ஆள் கம்பெனிப் பட்டியலில் ஓர் இனிஷியலோடும், குவார்ட்டர்ஸ் பட்டியலில் இரண்டு இனிஷியலோடும் இருப்பார். ஒவ்வொரு புதுப் பெயரையும் பழைய பெயர் அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்தும் ஒயர் வழியாகப் பட்டியல்கள் ஒன்றாக என் கம்ப்யூட்டருக்கு வரும். அது எல்லாவற்றையும் மென்று முடிக்கும்வரை திரையில் மணல் கடிகாரம் நிற்கும். கம்ப்யூட்டர் சுற்றுகிறது என்போம். மவுஸை நகர்த்தலாம், அவ்வளவுதான். இந்தப் புரோகிராமில் எங்கே அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. வேறு புரோகிராம் ஒன்றை அதன் மேல் திறந்து மூடினால், அது மறைத்திருந்த இடம் வெள்ளையாகவே கிடக்கும்.

முதல் தடவை அப்படி ஆனபோது செத்துவிட்டது என்று நினைத்து, கண்ட இடத்திலெல்லாம் அழுத்தினேன். அப்புறம் சுவர் சுவிட்சை அணைத்தேன். டிவிக்கு அப்படித்தானே செய்வோம். ஒரு வாரத்து வேலை போயிற்று. மற்ற இருவரும் மறுபடி அத்தனையும் அடித்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "சுற்றும்போது தொடாதே" என்று எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட உத்தரவு அது.

அந்த வியாழக்கிழமை மூன்று பட்டியல்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பதினோரு மணி இருக்கும். படியில் யாரோ இரண்டிரண்டாக ஏறி வரும் சத்தம். கள்ளிக்குப்பத்துக்காரர் ஒருவர், லோடு வேன் ஓட்டுபவர். சட்டைப் பையில் மடித்த சீட்டு. மனைவிக்குப் பிரசவம், நர்சிங் ஹோமில் வைத்திருக்கிறார்கள், ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்றார். சீட்டில் ஓ நெகடிவ் என்று எழுதியிருந்தது.

"ரெண்டு எடத்துல கேட்டுகினு வர்றேம்மா. இல்லன்ட்டாங்க. நீ ஒரு பேரு மட்டும் குடு. அந்தாளு எங்க இருந்தாலும் நான் இட்டுகினு பூட்றேன். வண்டி கீழ நிக்குது."

"கொஞ்சம் இருங்கண்ணா. மிஷின் ஓடினு இருக்கு. முடிஞ்சதும் பாத்துடலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தத் திரையில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று காட்டும் எதுவும் இல்லை. மணல் கடிகாரம் மட்டும்.

"இதோ ஆயிடும்ண்ணா" என்றேன்.

அவர் உட்காரவில்லை. கதவருகில் நின்றார், ஜன்னலுக்கு வந்தார், என் பின்னால் வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, அப்டியே கீது? ஆடல அசையல. எங்க வண்டின்னா எறங்கி ரெண்டு தட்டு தட்டுவேன்."

மற்ற இருவரில் ஒருத்தி சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இனி சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் சீட்டை நீட்டியபோதே எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. சேக்காட்டில் குடியிருந்து எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் அண்ணன். பெயர் கொடுக்க வந்தபோது வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் இரும்புத் தூள். அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததில் மூலையில் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்துவிட்டது. "வேற அட்டையில எழுதிக்கம்மா" என்று கூச்சப்பட்டார். நான் மாற்றவில்லை. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு ரேகை. எப்படி மறக்கும்? பட்டறை, எங்கள் ஆபீஸிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். அங்கே போன் உண்டு. எங்கள் மேஜையிலும் போன் உண்டு, என் கைக்கெட்டும் தூரத்தில்.

அவர் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார் என்பது நினைவில்லை. அது கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. தேதி பார்க்காமல் கொடுக்கக் கூடாது. சுற்றும்போது தொடக் கூடாது. போன் செய்து அவரையே கேட்டிருக்கலாம். பட்டறையில் யாராவது எடுப்பார்கள், யார் நீ, எதற்கு என்று கேட்பார்கள், லேத் சத்தத்தில் கத்திப் பேச வேண்டும். எனக்குப் போனில் பேசவே நடுங்கும். இதெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. இதோ முடிந்துவிடும், முடிந்ததும் ஒரே நிமிடத்தில் தேதி பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நிமிடமும் நினைத்தேன். ஐம்பது நிமிடம் ஆகும் என்று அந்தத் திரை சொல்லியிருந்தால் நான் போனை எடுத்திருப்பேன். எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஆச்சாம்மா?"

"இதோண்ணா."

எத்தனை "இதோ" சொன்னேனோ.

பதினொன்று ஐம்பதுக்குக் கடிகாரம் மறைந்தது. வகையும் ஊரும் அடித்தேன். முதல் பெயரே சேக்காட்டு அண்ணன்தான். கடைசியாகக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எழுதிக் கொடுத்தேன். வேன்காரர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

லேத் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுக் கை கழுவக்கூட நேரம் எடுக்காமல் வேனில் ஏறினாராம். ரத்தம் எடுத்து, பொருத்திப் பார்த்து, ஏற்ற ஆரம்பிக்கும்போது ஒன்றரை மணி. பாதியில் அந்த அம்மா இறந்துவிட்டார். குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை.

சாயங்காலம் செயலாளர் வந்து சொன்னார். டாக்டரைப் பார்த்துக் கேட்டாராம்.

"ஒரு மணி நேரம் முன்னாடி ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாங்களான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்ட்டாரு."

அந்த "சொல்ல முடியாது" என்பதை எவ்வளவோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் போகும் வார்த்தை.

சனிக்கிழமை பூந்தமல்லி அக்கா வந்தார். மானிட்டரில் ஒட்டியிருந்த காகிதத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னாடி இது, மந்திரிச்சு ஒட்டி வெச்சிருக்க?"

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் நடந்ததைச் சொன்னார். ஐம்பது நிமிடம் திரை பதில் சொல்லவில்லை, இந்தப் பெண் என்ன செய்வாள் என்றார். அக்கா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் எழுதினதுதானே" என்றார். "நான் இப்பிடி எழுதிட்டேனே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பெயர் தெரியும் அக்கா, உங்கள் புரோகிராம் மட்டும் காரணமில்லை என்று. நான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த மூன்று வாரம் அக்கா சென்டர் முடிந்து தினமும் வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துச் சொல்வேன். என்ன செய்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க அத்தா கடையைப் பாத்திருக்கியா? அவரு ஒருத்தரே ஸ்டவ்வையும் பிரிப்பாரு, கேக்க வர்றவங்களுக்குப் பதிலும் சொல்லணும். ஸ்டவ்வைப் பிரிச்சுட்டா தலையை நிமித்த மாட்டாரு. வாசல்ல நிக்கிறவன் கத்திட்டுப் போயிடுவான். என் புரோகிராமும் அப்பிடித்தான் இருக்கு. ஒரே ஆளு. இப்ப அம்மாவை வாசல்ல உக்கார வெக்கிறேன். அம்மா ஸ்டவ்வைத் தொடவே கூடாது. வர்றவங்களுக்குப் பதில் சொல்றது மட்டும்தான் வேலை. அத்தா உள்ள."

புதிதாக முதலில் எழுதியதில் எவ்வளவு முடிந்தது என்று ஒரு நீலப் பட்டை ஓடியது. ஆனால் நான் அடிக்கும் எழுத்து திக்கித் திக்கித்தான் வந்தது. அக்கா தலையில் தட்டிக்கொண்டார். ஒவ்வொரு பெயரைச் சேர்த்ததும் உள்ளேயிருந்து வாசலுக்குச் செய்தி போகிறதாம். "அத்தா ஒவ்வொரு திருகாணிக்கும் 'ஆச்சு, ஆச்சு'ன்னு கத்துனா அம்மா யாருகிட்ட பேச முடியும்?" நூறு பெயருக்கு ஒரு முறை சொன்னால் போதும் என்று மாற்றினார். அதே போல மூன்று பட்டியலுக்கும் மூன்று பேரை உள்ளே விட்டால் இடித்துக்கொள்கிறார்கள் என்று இரண்டாகக் குறைத்தார். குறைத்ததில் வேலை சீக்கிரமே முடிந்தது.

அப்புறம் ஒரு சிக்கல். சேர்க்கும் வேலை பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் தேடினால், அது விடும்வரை தேடுவது காத்திருந்தது. மறுபடி மணல் கடிகாரம். அக்கா இரண்டு நாள் யோசித்தார்.

"உனக்குத் தனியா ஒரு நகல் வெச்சிடறேன்டி. காலை வரைக்கும் இருந்த பட்டியல். நீ அதுல தேடு. இன்னிக்குச் சேர்றது சேந்து முடிஞ்சப்புறம் மொத்தமா மாத்திக்கலாம். கேட்டு வர்றவங்களுக்கு முன்னாடி இருந்த பேரே போதும்தானே."

போதும் என்றேன். சேக்காட்டு அண்ணன் பெயர் முன்னாடி இருந்த பெயர்தான். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த மூன்று பட்டியலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கடைசியில் "நிறுத்து" என்று ஒரு பொத்தான் வைத்தார். அழுத்தினேன். பொத்தான் உள்ளே போனது போலத் தெரிந்தது. வேலை நிற்கவில்லை. கையிலிருக்கும் பட்டியல் முடிந்த பிறகுதான் நின்றது.

"பரவால்லடி, நின்னுதுல்ல" என்றார் அக்கா.

"நிறுத்துன்னா நிக்கணும்க்கா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கீபோர்டை இழுத்துக்கொண்டார். அன்று போகும்போது, "உனக்கு என் மேல கோவம் இருக்கும். இருக்கட்டும்" என்றார்.

கோபமெல்லாம் இல்லை அக்கா என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையாக.

மறுவாரம் பொத்தானை அழுத்திய அடுத்த நொடியே வேலை நின்றது. அதுவரை சேர்ந்தவையும் பத்திரமாக இருந்தன. மானிட்டரில் இருந்த காகிதத்தை அக்காவே நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை இருந்த இடம் மட்டும் கறுப்பாக நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, படியில் யாரோ மெதுவாக ஏறி வந்தார்கள். வேன்காரர். இளைத்திருந்தார், தாடி. அக்கா அன்று உள்மேஜையில் உட்கார்ந்து, ஆவடியிலிருந்து வந்த இரண்டு பட்டியல்களைச் சேர்க்க விட்டிருந்தார். என் திரையின் அடியில் நீலப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

"என் பேரையும் எழுதிக்கம்மா" என்றார். "என்னுது சாதா ரத்தம்தான். ஆனா யாருக்காச்சும் ஒதவும்ல."

"பாப்பா எப்பிடி இருக்குண்ணா?"

"எங்கக்கா ஊட்ல கீது. நல்லா கீது."

பெயரும் வகையும் முகவரியும் கேட்டேன். அடித்தேன். அடிக்க அடிக்க எழுத்துகள் வந்தன. சேமித்த உடனே அவர் பெயர் திரையில் நின்றது. அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப டக்குனு வர்து" என்றார்.

உள்மேஜையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாண்ணா. சரி பண்ணிட்டாங்க."

"அந்த லேத் அண்ணாத்தே பேரு இதுல கீதா? காமி பாப்போம்."

அடித்தேன். உடனே வந்தது. பெயர், சேக்காட்டு முகவரி, பட்டறை போன் நம்பர். கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி, அந்த வியாழக்கிழமை. தேதியில் அவர் விரலை வைத்தார். விரல் கண்ணாடியிலேயே இருந்தது.

"இந்தப் பேரு அன்னிக்கும் இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா."

"நான் வரும்போதே?"

"வரும்போதே இருந்துச்சு."

இதில் என்றால் கம்ப்யூட்டர். எனக்குள்ளும் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலப் பட்டை கடைசிவரை போய், முடிந்தது என்று ஒரு சிறு மணி அடித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் விரலை எடுத்தார். கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது.

"நீ இன்னாம்மா பண்ணுவ" என்றார். "மிஷின் அப்பிடி நின்னுச்சு. சரி, வர்றேன்."

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் இல்லை. பரணில் ஏறி நெகடிவ் அட்டைகளை மட்டும் பொறுக்கி இறக்கி, தூசி தட்டி, மேஜையில் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.